ஒன்பது பேர், ஒரு பள்ளி – 7: பட்டாளம் போன பிறகு

1957 செப்டம்பர் 25 காலை, 101ஆவது வான்குடைப் படைப்பிரிவு வீரர்கள் புடைசூழ ஒன்பது கறுப்பின மாணவர்கள் லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் முன்வாசல் படியேறி உள்ளே போனார்கள். சென்ற பகுதியை அங்கேதான் நிறுத்தினோம். பாடப்புத்தகங்களும் பெரும்பாலும் அங்கேதான் நிறுத்துகின்றன. நீதிமன்றம் சொன்னது, ஆளுநர் மறுத்தார், அதிபர் பட்டாளத்தை அனுப்பினார், பிள்ளைகள் பள்ளிக்குள் போனார்கள் என்று நான்கே வரியில் சட்டம் வென்ற கதையாக அது முடிந்துவிடுகிறது. உள்ளே போனவர்கள் அதன்பின் எட்டு மாதம் அங்கே படித்தார்கள் என்பது அந்த நான்கு வரியில் இல்லை. அந்த எட்டு மாதத்தைப் பார்க்காமல் லிட்டில் ராக்கைப் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் இந்தப் பகுதியில் நான் வைக்கும் வாதம். வாசலில் தோற்றவர்கள் தங்கள் சண்டையைக் கைவிடவில்லை. தாழ்வாரத்துக்கும் மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் உணவுக்கூடத்துக்கும் அதைக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளை அன்றாடம் வதைத்து, தாமாகவே ஓட வைப்பது அல்லது பொறுமையிழந்து திருப்பி அடிக்க வைப்பது என்ற வழியில் ஒருங்கிணைப்பை உள்ளிருந்தே முறிக்கப் பார்த்தார்கள். அந்த வழி எப்படி வேலை செய்தது என்பதை அரசாணைகளிலிருந்து முழுமையாக அறிய முடியாது. அதற்கு ஒன்பது பேரில் ஒருவரான மெல்பா பட்டில்லோ பீல்ஸ் எழுதிய நினைவுநூல் வேண்டும்.

நூலின் பெயர் 'வாரியர்ஸ் டோன்ட் க்ரை'. போர்வீரர்கள் அழுவதில்லை என்று பொருள். மெல்பாவின் பாட்டி இந்தியா அவளிடம் சொன்ன சொல் அது. நூல் 1994இல்தான் வெளிவந்தது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. சிறுவயதிலிருந்து எழுதிவந்த நாட்குறிப்பையும், ஆங்கில ஆசிரியையான தாய் லோயிஸ் எடுத்துவைத்த குறிப்புகளையும், செய்தித்தாள் நறுக்குகளையும் கொண்டு அவர் இதை எழுதினார். பள்ளிக்குள் நுழைந்தபோது மெல்பாவுக்கு வயது பதினைந்து. அந்த டிசம்பரில்தான் பதினாறு நிறைந்தது. நூலில் பேசும் குரலும் அந்த வயதுக்குரியதே. இனப்பிரச்சினையைப் பற்றி விரிவுரை நிகழ்த்தும் குரலாக அது இல்லை. எந்த மாடிப்படி ஆபத்தில்லாதது, எந்த ஆசிரியர் கண்டும் காணாமல் இருப்பார், மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று கணக்குப் போடும் பெண்ணின் குரல் அது. வரலாற்றாசிரியனுக்கு இந்தக் கணக்குதான் பெரிய செல்வம். ஓர் அதிகார அமைப்பு எவ்வளவு கொடியது என்பதை அதன் சட்டப் பிரிவுகள் சொல்வதைவிட, அதில் சிக்கியவர் தன் ஒவ்வொரு மணி நேரத்தையும் எப்படித் திட்டமிட வேண்டியிருந்தது என்பது தெளிவாகச் சொல்லும்.

நூல் பள்ளியில் தொடங்கி பள்ளியில் முடியும் கதை அல்ல. இனவாரியாகத் தனிப்பள்ளி நடத்தும் முறை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாளைப் பற்றியும் மெல்பா எழுதுகிறார். அன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமியான மெல்பா வழக்கமான குறுக்கு வழியில் வீடு திரும்பும்போது ஒரு வெள்ளையரால் தாக்கப்பட்டாள். வேறொரு பெண் வந்து காப்பாற்றினாள். சட்ட நூல்கள் பொன்னெழுத்தில் பொறிக்கும் ஒரு நாள், அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவளுக்கு இப்படி விடிந்தது. அடுத்த ஆண்டு அதே நீதிமன்றம் கால அளவு எதையும் குறிக்காமல், இயன்ற விரைவில் செய்யுங்கள் என்ற பொருளில் ஆணையிட்டது. லிட்டில் ராக் கல்வி அதிகாரி விர்ஜில் பிளாசம் அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, 1957இல் ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளியில் மட்டும் ஒருங்கிணைப்பைத் தொடங்கும் திட்டத்தைத் தீட்டினார். விண்ணப்பித்தவர்களை வடிகட்டி வடிகட்டிப் பதினேழாக்கி, கடைசியில் ஒன்பதில் வந்து நின்றது. ஏறக்குறைய இரண்டாயிரம் வெள்ளை மாணவர்கள் நடுவே ஒன்பது பேர். எந்த வகுப்பிலும் பக்கத்தில் ஒரு துணை இராது என்பதற்கு அந்த எண்ணிக்கையே போதும். விளையாட்டு அணி, பாட்டுக் குழு, நாடகம் எதிலும் அவர்கள் சேரக்கூடாது என்ற நிபந்தனை வேறு. ஒரு பள்ளியில் பிள்ளைகள் நட்பாகும் இடங்கள் எவையோ அவை எல்லாம் முன்கூட்டியே அடைக்கப்பட்டன.

பட்டாளம் இருந்த முதல் சில வாரங்களில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு படைவீரர் காவல். மெல்பாவுக்குக் காவலாக வந்தவரை நூல் டேனி என்று அழைக்கிறது. அவர் வகுப்பறைக்குள் வரமாட்டார்; கதவுக்கு வெளியேதான் நிற்பார். மாணவர்களோடு வாய்ச்சண்டையிலோ கைகலப்பிலோ இறங்க அவருக்கு அனுமதியில்லை. அவளை உயிரோடு வைத்திருப்பது மட்டுமே அவர் வேலை என்று அவளிடமே சொல்கிறார். ஒருநாள் தாழ்வாரத்தில் எதிரே வந்த ஒரு பையன் கறுப்பாகப் பளபளத்த எதையோ நீட்டி அவள் முகத்தில் பீச்சி அடித்தான். கண் எரிந்தது, பார்வை மறைந்தது. டேனி அவள் பின்னலைப் பற்றி இழுத்துக்கொண்டு குடிநீர்க் குழாயை நோக்கி ஓடினார். அவள் தலையைக் குனியவைத்து, விடாமல் நீரை வாரி வாரிக் கண்ணில் அடித்தார். பீச்சியது அமிலம். அந்த நீர்தான் அவள் பார்வையைக் காத்தது என்று மருத்துவர் பிறகு சொன்னார். இன்னொருமுறை மாடிப்படியருகே திரி எரியும் வெடிக்குச்சி வந்து விழுந்தது. டேனி காலால் மிதித்துத் திரியை அணைத்தார். அமிலத்தையும் வெடியையும் பதின்வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குள் கொண்டுவருகிறார்கள், அதுவும் ஆயுதம் தாங்கிய வீரர் பக்கத்தில் இருக்கும்போதே. இதைச் சேட்டை என்று அழைக்க எந்த மொழியிலும் இடமில்லை. காவலர் வர முடியாத இடங்களில் நடந்தது இன்னும் மோசம். கழிப்பறைக்குள் அவளை அடைத்துவைத்து மேலிருந்து எரியும் காகிதச் சுருள்களைப் போட்டார்கள். கையிலிருந்த புத்தகங்களை மேல்நோக்கி வீசித்தான் அவள் தப்பினாள். நடக்கும்போது பின்னாலேயே வந்து குதிகாலை ஷூவால் மிதித்து மிதித்து ரத்தம் வரச் செய்வது அன்றாட வழக்கம்.

நவம்பர் இறுதியில் 101ஆவது பிரிவு முற்றிலும் விலக்கிக்கொள்ளப்பட்டது. காவல் பொறுப்பு ஆர்கன்சா தேசியக் காவல் படைக்கு வந்தது. செப்டம்பர் 4 அன்று ஆளுநர் ஃபாபஸின் ஆணைப்படி இதே பிள்ளைகளை வாசலில் தடுத்து நிறுத்திய அதே படை அது. இப்போது மத்திய அரசின் கீழ் கொண்டுவரப்பட்டிருந்தது என்பது ஒன்றே வேறுபாடு. அவர்கள் சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்ததை மெல்பா எழுதுகிறார். என் வாதத்துக்கு இந்த இடம் முக்கியம். துன்புறுத்தல் வெறும் வெறுப்பின் வெடிப்பாக இருந்திருந்தால் முதல் அதிர்ச்சி தணியத் தணிய அதுவும் குறைந்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் ஒரே வகுப்பில் உட்காரும் முகம் பழகிப்போகும், கோபம் சலித்துப்போகும். நடந்தது நேர்மாறு. பட்டாளம் போனதும் தாக்குதல் பெருகியது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு மேலும் கூடியது. தண்டனைக்கான வாய்ப்பு குறையக் குறையத் தாக்குதல் கூடுகிறது என்றால், அங்கே வேலை செய்வது உணர்ச்சி அல்ல, கணக்கு. அந்தக் கணக்குக்குப் பள்ளியின் விதியே துணை நின்றது. அடித்தவன் தண்டிக்கப்பட வேண்டுமானால் பெரியவர் ஒருவர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அடிபட்ட மாணவரின் சொல் மட்டும் போதாது. ஒழுங்கு நடவடிக்கைக்குச் சாட்சி கேட்பது நியாயம்தானே என்று தோன்றும். இரண்டாயிரம் பேரில் ஒன்பது பேர் மட்டுமே இலக்காக இருக்கும் இடத்தில், ஆசிரியர்கள் பலர் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில், அந்த விதியின் நடைமுறைப் பொருள் வேறு. யாரும் பார்க்காதபோது அடி என்று அது அடிப்பவனுக்குக் கற்றுக்கொடுத்தது.

மின்னிஜீன் பிரவுனுக்கு நடந்ததைப் பார்த்தால் இந்தக் கணக்கின் நோக்கம் துலங்கும். ஒன்பது பேரில் மனதில் பட்டதை வெளிப்படையாகப் பேசுபவள் அவள், நன்றாகப் பாடுவாள், கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சியில் பாட ஆசைப்பட்டாள், விடவில்லை. டிசம்பர் 17 அன்று உணவுத் தட்டுடன் மேசைகளுக்கு நடுவே நடந்தபோது பையன்கள் நாற்காலிகளை நகர்த்தி வழியை மறித்தார்கள். தட்டிலிருந்த சில்லி எனப்படும் பீன்ஸ் குழம்பு இரண்டு பையன்கள் தலையில் கொட்டியது. ஒரு கணம் கூடமே அடங்கியது. பிறகு பரிமாறும் இடத்தில் நின்ற கறுப்பினப் பணியாளர்கள் கைதட்டினார்கள். மின்னிஜீன் இடைநீக்கம் செய்யப்பட்டாள். சொல்லாலோ செயலாலோ பதிலடி தரமாட்டேன் என்ற நிபந்தனையை ஏற்ற பிறகே ஜனவரியில் திரும்பச் சேர்த்தார்கள். அந்த நிபந்தனை ஊரறிந்த செய்தி ஆனது. அன்றிலிருந்து அவளைச் சீண்டுவது எளிதில் பலன் தரும் வேலை ஆயிற்று. அவள் மேல் சூப்பைக் கொட்டினார்கள். பிப்ரவரியில் இரும்புப் பூட்டுகள் நிறைந்த கைப்பையை அவள் மேல் எறிந்தார்கள். அவள் அவர்களைக் குப்பைகள் என்று திட்டினாள். திட்டியதற்காக அவள் பள்ளியிலிருந்தே நீக்கப்பட்டாள். எறிந்த பையையும் சொன்ன சொல்லையும் ஒரே தராசில் வைத்தால்கூட இந்த முடிவு வராது. சொல்லின் பக்கம் மட்டும் எடை போட்டார்கள். சில நாளில் பள்ளி முழுதும் சிறிய அச்சட்டைகள் உலவின: ஒருத்தி தொலைந்தாள், இன்னும் எட்டுப் பேர் என்று அவற்றில் இருந்தது. கணக்கு என்று நான் சொன்னதை அவர்களே அச்சடித்துத் தந்துவிட்டார்கள். மின்னிஜீன் நியூயார்க் போய், உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியரின் வீட்டில் தங்கிப் படித்தாள். 1954 தீர்ப்பில் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு கென்னத் கிளார்க்குடையது.

தாழ்வாரத்தில் நடந்தது தாழ்வாரத்தோடு நின்றிருந்தால் இதை ஒரு பள்ளியின் ஒழுங்குப் பிரச்சினையாக ஒதுக்கிவிடலாம். நிற்கவில்லை. மின்னிஜீன் வெளியேறிய அதே பிப்ரவரியில், 20ஆம் தேதி, லிட்டில் ராக் பள்ளி வாரியம் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. பள்ளியில் அமைதி இல்லை, கல்வி நடக்கவில்லை, கறுப்பின மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு இத்திட்டத்தைத் தள்ளிவைக்க அனுமதி தாருங்கள் என்பது கோரிக்கை. ஜூனில் மாவட்ட நீதிபதி ஹாரி லெம்லி அதை ஏற்று இரண்டரை ஆண்டு அவகாசம் தந்தார். அவர் முன் வைக்கப்பட்ட சான்றுகள் எவை? மிரட்டல்கள், தீவைப்புகள், தாக்குதல்கள், களைத்துப்போன ஆசிரியர்கள். மெல்பாவின் கண்ணில் வீசப்பட்டது போன்ற அமிலமும் அவள் தலையில் எரிந்து விழுந்தது போன்ற காகிதமும் சேர்ந்து உண்டாக்கிய அதே நிலைமைதான், அவளை வெளியேற்றக் காரணமாக நீதிமன்றத்தில் படிக்கப்பட்டது. அடித்தவர்கள் செய்த வேலையின் பலனை அடிபட்டவர்களின் உரிமையிலிருந்து கழித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. துன்புறுத்தலுக்கும் சட்ட நடவடிக்கைக்கும் இடையே யாராவது உட்கார்ந்து சதித்திட்டம் தீட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. வாரியத்தின் உறுப்பினர்கள் நல்லெண்ணத்தோடு நடந்தார்கள் என்பதை உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. சதி தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். வன்முறை நீடித்தால் அவகாசம் கிடைக்கும் என்ற நிலை இருக்கும் வரை, வன்முறை நீடிப்பதற்கு ஒரு காரணம் இருந்துகொண்டே இருக்கும். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டில் லெம்லியின் ஆணையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் சிறப்பு அமர்வில் கூடி 1958 செப்டம்பர் 12 அன்று 'கூப்பர் எதிர் ஆரன்' வழக்கில் முடிவை அறிவித்தது. ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே தங்கள் பெயரைத் தீர்ப்பின் தலைப்பில் இட்டார்கள். அந்த நீதிமன்றத்தில் அபூர்வமான செயல் அது. ஆளுநரும் சட்டமன்றமும் தூண்டிவிட்ட கலவரத்துக்காகப் பிள்ளைகளின் உரிமையைப் பலியிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உணர மெல்பாவின் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு நூலின் நம்பகத்தன்மை பற்றியது. வரலாறு எழுதுகிறவர்கள் தட்டிக்கழிக்கக் கூடாத ஒன்று. முப்பத்தாறு ஆண்டுக்குப் பிறகு எழுதிய நூலில் பக்கம் பக்கமாக நேர்ப்பேச்சு வருகிறது. பாட்டி சொன்னது, டேனி சொன்னது எல்லாம் மேற்கோள் குறிக்குள் இருக்கின்றன. லிங்க் என்று பெயர் தந்திருக்கும் வெள்ளை மாணவன் ஒருவன், கூட்டாளிகள் நடுவே பகைவன் போல நடித்துக்கொண்டே தாக்குதல் திட்டங்களை முன்கூட்டி அவளுக்குத் தொலைபேசியில் சொல்லிக் காப்பாற்றுகிறான். இவ்வளவும் உள்ளபடியே நடந்திருக்குமா? நேர்ப்பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் ஆவணமாக எடுக்கக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. நினைவுநூல் உரையாடலை மீட்டுக் கட்டும். அது அந்த வடிவத்தின் இயல்பு. ஆனால் என் வாதம் நிற்பது உரையாடல்மீது அல்ல. தாக்குதல்களின் தன்மை, அவை கூடிய காலம், பள்ளி நடந்துகொண்ட விதம் ஆகிய மூன்றின்மீது. இந்த மூன்றுக்கும் ஒன்பது பேரில் மற்றவர்களிடமிருந்தே வேறு சாட்சிகள் உண்டு. கார்லோட்டா வால்ஸ் 2009இல் எழுதிய தன் நினைவுநூலில் அதே குதிகால் மிதியைத் தனியே விவரிக்கிறார். ஜெஃபர்சன் தாமஸ் நவம்பரில் லாக்கர் அருகே பின்னாலிருந்து தாக்கப்பட்டு நினைவிழந்தது அன்றைய செய்தி. குளோரியா ரே மாடிப்படியிலிருந்து தள்ளிவிடப்பட்டார். டெரன்ஸ் ராபர்ட்ஸின் தலையில் உடற்பயிற்சிக் கூடத்தில் பூட்டு வந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்த் தரப்பின் அலுவலகத்திலிருந்தே ஒரு சாட்சி இருக்கிறார். சென்ட்ரல் பள்ளியில் மாணவிகளுக்கான துணை முதல்வராக இருந்த எலிசபெத் ஹக்கபி, தாம் அன்று எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வெள்ளையர், பள்ளியின் பெயரைக் காப்பாற்ற விரும்பியவர், கறுப்பின மாணவியரின் துன்பத்தை மிகைப்படுத்தி அவருக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. அவர் மேசைக்கு வந்த புகார்களின் வரிசையும் மெல்பாவின் நூலும் ஒரே பள்ளியைத்தான் காட்டுகின்றன. லிங்க் வரும் பக்கங்கள் அனைத்தையும் நூலிலிருந்து எடுத்துவிட்டாலும் வாதத்தில் ஒரு செங்கல்கூட அசையாது.

இரண்டாவது மறுப்பு: துன்புறுத்தியவர்கள் சிறு கூட்டம்தான், பெரும்பாலான வெள்ளை மாணவர்கள் எதிலும் சேரவில்லை, ஒரு பள்ளியையே குற்றக்கூண்டில் நிறுத்துவது நியாயமா? சிறு கூட்டம் என்பது உண்மை, மெல்பாவும் மறுக்கவில்லை. அன்பாக ஒரு சொல் சொன்னவர்களையும் நூல் பதிவு செய்கிறது. அப்படிப் பேசியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்த மறுப்புக்கான விடை. அவர்களும் மிரட்டப்பட்டார்கள், வசைப்பெயர் பெற்றார்கள், அடுத்த வாரம் பேசாமல் ஒதுங்கினார்கள். பெரும்பான்மையின் மௌனம் நடுநிலையாக இருக்கவில்லை. சிறு கூட்டம் விளையாட ஒரு மைதானமாக ஆனது. அந்தச் சிறு கூட்டம் தனித்தும் நிற்கவில்லை. அக்டோபர் 3 அன்று மாணவர்கள் சிலர் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறி, கறுப்பினத்தவர் போலச் செய்த பொம்மையைப் பள்ளிக்கு எதிரே தூக்கிலிட்டு எரித்தபோது, 'சென்ட்ரல் பள்ளி அன்னையர் சங்கம்' என்ற பெற்றோர் அமைப்பு அதற்கு ஆதரவாக நின்றது. பெரியவர்களின் அமைப்பும் ஆளுநரின் ஆசியும் பின்னால் இருக்கும் சில பிள்ளைகளை வெறும் சில பிள்ளைகளாக எண்ணிவிட முடியாது. இதே இடத்தில் உலகறிந்த அந்தப் புகைப்படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பர் 4 அன்று ஒன்பது பேரில் ஒருவரான எலிசபெத் எக்ஃபோர்ட் தனியே நடக்க, பின்னால் ஒரு வெள்ளைப் பெண் வாயைத் திறந்து கத்தும் வில் கவுன்ட்ஸின் படத்தில், லிட்டில் ராக்கின் வெறுப்பு முழுவதற்கும் அந்தப் பெண்ணின் முகமே அடையாளமாகிவிட்டது. அவள் பெயர் ஹேசல் பிரையன். படம் வெளியானதும் அவள் பெற்றோர் அவளை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்பது பேரும் உள்ளே வதைபட்ட எட்டு மாதமும் அவள் அங்கே இல்லை. வதைத்தவர்களில் பெரும்பாலோரின் முகங்கள் அந்தப் புகைப்படத்தில் இல்லை. படத்தை மட்டும் நம்பி எழுதப்படும் வரலாறு எவ்வளவு தவறவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. கூர்மையான ஓர் அறிவாளியிடமிருந்து வந்தது. ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த தத்துவ அறிஞர் ஹன்னா அரெண்ட், 1959இல் 'டிஸ்ஸென்ட்' இதழில் லிட்டில் ராக் பற்றி எழுதினார். பெரியவர்கள் தீர்க்கத் தவறிய சிக்கலைக் குழந்தைகள் தோளில் ஏற்றுவது எப்படி நியாயம், தன் பிள்ளையை வேண்டாத கூட்டத்துக்குள் எந்தப் பெற்றோர் தள்ளுவார் என்பது அவர் கேள்வியின் சாரம். மெல்பாவின் நூலைப் படிக்கும் எவருக்கும் நடுவே ஓரிடத்திலாவது இந்தக் கேள்வி எழும். பதினாறாவது பிறந்தநாளுக்கு அழைத்த பழைய பள்ளித் தோழிகள், அந்த வீட்டுக்கு வரவே பயந்து வராமல் போன பக்கத்தைப் படிக்கும்போது நிச்சயம் எழும். ஆனால் அரெண்டின் கேள்வி ஓர் அனுமானத்தில் நிற்கிறது: பிள்ளைகள் தள்ளப்பட்டார்கள் என்பது அது. நூல் அதை மறுக்கிறது. அந்தப் பகுதியில் வசிப்பவர்களில் சென்ட்ரலுக்குப் போக விரும்புவது யார் என்று வகுப்பில் கேட்டபோது கைதூக்கியது மெல்பாதான். வீட்டில் சொல்லவே இல்லை. தேர்வானவர்களில் அவள் பெயரும் இருப்பதை, சின்சினாட்டியில் உறவினர் வீட்டில் இருந்தபோது செய்தியில் கேட்டுத்தான் அம்மாவும் பாட்டியும் அதிர்ந்தார்கள். கார்லோட்டாவும் பெற்றோரைக் கேட்காமல்தான் கையெழுத்திட்டாள். இரண்டு குடும்பங்களும் பிறகு விலை கொடுத்தன. மகளைத் திரும்ப எடுக்காததால் லோயிஸின் ஆசிரியர் வேலை 1958இல் பறிபோகும் நிலைக்கு வந்து, திருச்சபைப் பேராயர் தலையிட்ட பிறகே மீண்டது. எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் அரெண்டுக்குத் தந்த பதில் 1965இல் ராபர்ட் பென் வாரனின் நேர்காணல் நூலில் வெளிவந்தது. அந்தப் பெற்றோருக்குப் பிள்ளை எதை எதிர்கொள்ளப் போகிறது என்பது தெரியும், அச்சத்தை உள்ளடக்கிக் கடக்கப் பழகுவது அந்தச் சமூகத்தில் வளர்வதற்கே தேவையாக இருந்தது, அரெண்ட் இதைக் காணத் தவறினார் என்றார் எலிசன். அதே ஆண்டு அரெண்ட் அவருக்குக் கடிதம் எழுதி, தாம் புரிந்துகொள்ளத் தவறியதை ஒப்புக்கொண்டார். இவ்வளவு பெரிய அறிஞர் திருத்திக்கொண்ட கருத்தை, அவர் பெயரைச் சொல்லி இன்றும் சிலர் எடுத்துக்காட்டுவது வருத்தத்துக்குரியது.

அச்சத்தை உள்ளடக்குவது என்பதற்குப் பாட்டி இந்தியா இந்த நூலில் தரும் வடிவம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. திருப்பி அடித்தால் வெளியேற்றிவிடுவார்கள் என்ற நிலையில், ஆட்டத்தின் விதியை நீ மாற்று என்று பேத்திக்குச் சொல்கிறார். காந்தியைப் படிக்கச் சொல்கிறார். அதன்பின் ஒருவன் அடித்தாலோ ஏசினாலோ மெல்பா சிரித்து நன்றி சொல்கிறாள்; அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதே பாட்டிதான் இரவில் சாய்வாடும் நாற்காலியில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் காவல் இருக்கிறார். அந்தத் துப்பாக்கிக்கு மிஸ்டர் ஹிக்கின்பாட்டம் என்று பெயர்கூட வைத்திருக்கிறார். அறவழிப் போராட்டத்தைச் சாந்த குணத்தின் விளைவாகப் பாராட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் திருப்பி அடிக்காதது, திருப்பி அடிக்கத் தெரியாததால் அல்ல. எதிரி எதற்காகக் காத்திருக்கிறான் என்று தெரிந்ததால். மின்னிஜீனுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு எட்டுப் பேரும் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் எடுத்த முடிவு அது. அந்த முடிவின் சுமையை அவர்கள் வாழ்நாள் முழுதும் சுமந்தார்கள். இந்த நூல் எழுதி முடிய இத்தனை ஆண்டு ஆனதற்கும் அதில் பங்குண்டு.

1958 மே 27 அன்று ஒன்பது பேரில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் சென்ட்ரல் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் ஆனார். பார்வையாளர் வரிசையில் மார்ட்டின் லூதர் கிங் இருந்தார். மற்றவர்கள் பெயர் சொன்னபோது எழுந்த கைதட்டல் அவர் பெயருக்கு எழவில்லை. மெல்பா அடுத்த ஆண்டும் அதே பள்ளிக்குத் திரும்பக் காத்திருந்தாள். 'கூப்பர் எதிர் ஆரன்' முடிவு வந்த உடனேயே ஆளுநர் ஃபாபஸ் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூட ஆணையிட்டார். செப்டம்பர் 27 அன்று நடந்த வாக்கெடுப்பில் 19,470 பேர் ஒருங்கிணைப்பை எதிர்த்தும் 7,561 பேர் ஆதரித்தும் வாக்களித்தார்கள். பள்ளிகள் அந்த ஆண்டு முழுதும் திறக்கவில்லை. மெல்பா கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவுக்குப் போய், ஒரு வெள்ளைக் குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தாள். சென்ட்ரல் பள்ளிக்கு மாணவியாக அவள் மறுபடி போகவே இல்லை. பள்ளிகளே இல்லாத அந்த ஓராண்டில் வெள்ளை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் எங்கே போனார்கள், ஆசிரியர்கள் காலி வகுப்பறைகளில் என்ன செய்தார்கள், பள்ளியைத் திறக்கச் சொல்லி முதலில் வெளிப்படையாகக் குரல் கொடுத்த வெள்ளைப் பெண்கள் யார் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.